பதினாறு வெள்ளைக் கட்டங்கள்

போன மாதம் கீர்த்தனா கைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். பழைய களப் பதிவேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், உங்க நோட்டுல ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே 'உ', 'இ'ன்னு போட்டிருக்கீங்க. உண்டு, இல்லைன்னு புரிஞ்சுது. சில இடத்துல 'பா'ன்னு இருக்கே, அது என்ன?"

"பார்க்கலைன்னு அர்த்தம்மா."

"சாஃப்ட்வேர் அதை ஏத்துக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் 'இ'ன்னு மாத்திரட்டுமா? ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே?"

"மாத்தாதே."

என் குரலின் கடுமை எனக்கே கேட்டது.  "ஏன் மேடம்?" என்று கேட்டாள் கீர்த்தனா. தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணமில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஊரின் பெயரையும் அதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் பெயர் பஞ்சவர்ணம். காரைக்குடிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு படித்துவிட்டு, பழைய ஊர்களைத் தோண்டி ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் நான் வரைந்ததெல்லாம் உடைந்த பானைகளின் வாய்தான். விரல் நீளத் துண்டு கிடைத்தால் போதும், அதன் வளைவை வைத்து முழுப் பானையின் அகலத்தைச் சொல்லிவிடுவேன். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும்போதுகூட எதிரே வைத்த தம்ளரின் விளிம்பை அளந்துகொண்டிருந்தேன் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். பிறகு கணினி வந்தது. நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வரைபட மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனது. பேனா கசியாது, கை வழுக்காது, தப்பாகப் போட்டாலும் அழித்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில்தான் அருளானந்தம் சார் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். அவர் கொண்டுவந்த வேலை எங்கள் யாருக்கும் புதிது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தச் செம்மண் பூமியில் உழுது பிழைத்த சனங்கள் எந்தெந்த இடத்தில் குடியிருந்திருப்பார்கள் என்று, தோண்டுவதற்கு முன்பே கணித்துச் சொல்லும் வேலை.

கேட்டால் ஜோசியம் போலத் தெரியும். விஷயம் எளிதுதான். யாரும் கண்ணை மூடிக்கொண்டு வீடு கட்டுவதில்லை. தண்ணீர் எவ்வளவு தூரம், மழைக்குத் தேங்குமா, பக்கத்தில் விதைக்க மண் உண்டா என்று பார்த்துத்தான் உட்காருவார்கள். சுற்று வட்டாரத்தை நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம், சரிவு, மண்ணின் வகை, கண்மாய்க்கும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் எண்ணாக எழுதினோம். சில கட்டங்களில் நாங்களே நடந்து, பழைய பானை ஓடு, இரும்பு உருக்கிய கசடு ஏதாவது தரையில் கிடக்கிறதா என்று தேடினோம். உண்டு, இல்லை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கணினி கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டபின் நாங்கள் போகாத கட்டங்களுக்கும் நிறம் போடும். மனிதர் இருந்திருக்க வாய்ப்பு அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் வெள்ளை.

நடப்பது என்றால் கோயில் சுற்றுவது போல நடப்பதில்லை. ஐந்து பேர் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்போம். ஓரத்தில் இருப்பவர் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொள்வார். கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் மெதுவாக அந்தக் கடைசி வரை போய், நகர்ந்து நின்று, திரும்பி வரவேண்டும். ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம். ஓடு கண்ணில் பட்டால் அங்கேயே ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போகவேண்டும், குனிந்து எடுக்கக் கூடாது. எடுக்கப் போனால் வரிசை கலைந்துவிடும்.

முடிந்ததும் பதிவேட்டில் குறி. அந்தக் குறிகள் சார் வைத்தவை. 'உ' என்றால் உண்டு. 'இ' என்றால் நடந்து பார்த்தோம், இல்லை. பயிர் நின்றாலோ, தண்ணீர் கிடந்தாலோ, சொந்தக்காரர் விடவில்லை என்றாலோ 'பா'. பார்க்கவில்லை.

சார் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. உதவியாளர் முதல் கூலிக்கு வந்தவர் வரை எல்லோரும் அவருக்கு 'வாங்க, போங்க'தான். மதியம் மரத்தடியில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். தயிர்ச் சோறும் கிடாரங்காய் ஊறுகாயும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதாம். சாயங்காலம் அலுவலகம் திரும்பியதும் எங்கள் செருப்புகளைத்தான் முதலில் பார்ப்பார், அடிப்பக்கத்தைத் திருப்பி. செம்மண்ணா, வண்டலா, நெருஞ்சி முள்ளா. அதை வைத்தே எந்தப் பக்கம் நடந்தோம் என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு அது வேடிக்கை. முடித்த பத்துக் கட்டங்களில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, மறுநாள் காலை தனியாகப் போய் மறுபடி நடப்பார் என்பது மட்டும் வேடிக்கை இல்லை.

முதல் படம் வந்தபோது சிவப்புக் கட்டங்களுக்குப் போகலாம் என்று நாங்கள் துடித்தோம். அவர் வெள்ளைக் கட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சிவப்புல கிடைச்சா சந்தோஷம்தான் பஞ்சவர்ணம். வெள்ளையில கிடைச்சாத்தான் நாம எங்க தப்புப் பண்ணினோம்னு தெரியும்."

நாலு நாள் வெள்ளையில் அலைந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

நெடுவயல்பட்டி கொத்தமங்கலத்துக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர். இந்தப் பெயர் நான் வைத்தது. அங்கே நடக்கப் போனபோது எங்களை நிலம் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. சேவுகன் என்ற விவசாயி மட்டும்தான் முதல் நாளே கேட்டார்.

"எங்குட்டுப் போறீக தாயி? இந்த வெயில்ல எதைத் தொலைச்சீக?"

சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, தன் கடலைக் கொல்லையில் நடக்க அனுமதித்தார். "வரப்பு ஓரமாப் போங்க. செடிய மிதிக்காம போனாச் சரி" என்றார். அவர் கிணற்றில்தான் தினமும் தண்ணீர் குடித்தோம். அவரும் அவர் மனைவி இருளாயியும், அவளுடைய இரண்டு தம்பிமாரும் சேர்ந்து வெட்டிய கிணறு. பாறைக்கு வெடி வைக்க மட்டும் ஆள் கூப்பிட்டார்களாம். உப்புக் கரிக்கிற அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஊரில் பாதிப் பேர் குடிக்க எடுப்பது அங்கேதான்.

ஊருக்கு வடக்கே ஒரு சீமைக்கருவேலங்காடு. எங்கள் கணக்கில் பதினாறு கட்டங்கள். உள்ளே ஆடுகூடப் போகாது. அதை முடிக்க வேண்டிய வாரத்தில் சார் விடுப்பில் இருந்தார். அவர் மனைவிக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை. மழைக்கு முன்னால் களவேலை முடியவேண்டும். முதல் நாள் முயன்றோம். கூட வந்த பெண் ஒருத்தியின் குதிகாலில் முள் ஏறிக் கால் வீங்கிவிட்டது. மறுநாள் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. எனக்கும் அலுத்துப்போய்விட்டது.

மூன்றாம் நாள் ஜீப்பைக் காட்டோரம் நிறுத்தச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்தபடியே பதிவேட்டைத் திறந்தேன். 'பா' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் பதினாறு 'பா' எழுதினால், ஏன் என்று கேட்பார்கள், மறுபடி வரவேண்டும். முள்ளுக்குள் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றியது. 'இ' என்று எழுதினேன். பதினாறு முறை. அழகான கையெழுத்து எனக்கு. ஒரே அளவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தேன்.

சார் திரும்பி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. பத்துக்கு ஒன்று நடந்து பார்க்க அவருக்கு அந்த முறை வாய்க்கவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பக்கம் ஒரு புறவழிச் சாலை திட்டமிட்டார்கள். இரண்டு தடங்கள் யோசனையில் இருந்தன. ஒன்று ஊரின் கொல்லைகள் வழியாக, சேவுகனின் கிணற்றின் மேலேயே போகும். இன்னொன்று கருவேலங்காட்டுக்குள். பழைய சின்னங்கள் ஏதாவது இருக்கிறதா என்று சாலைக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள். எங்கள் படம் போனது. காடு முழுக்க வெள்ளை. சாலை காட்டு வழியே போகட்டும் என்று தீர்மானமானது. அதற்கு எங்கள் படம் மட்டுமே காரணமில்லை, ஆனாலும் கடைசியில் தராசுத் தட்டைத் தாழ்த்தியது அதுதான்.

ஒரு காலையில் சேவுகன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தோளில் அரைமூட்டைக் கடலை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"இருக்கட்டும் தாயி. உங்க படம்தான் எங்க கெணத்தக் காப்பாத்துச்சுன்னு தாசில்தார் ஆபீசுல சொன்னாக. இருளாயிதான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கன்னா. நல்லா இருப்பீக."

அவர் போனபின் அந்தக் கடலையை எல்லோரும் வறுத்துத் தின்றார்கள். நான் ஒன்றையும் தொடவில்லை.

அன்று மதியம் நெடுவயல்பட்டியின் படத்தைக் கணினியில் திறந்தேன். வருடம் முழுக்கப் பார்த்த படம்தான். இப்போதுதான் கண்ணில் பட்டது. கருவேலங்காட்டின் நடுவே ஒரு தூர்ந்துபோன பழைய வரத்துக்கால் ஓடுகிறது. இரண்டு பக்கமும் லேசான மேடு, நல்ல மண். இதே அமைப்பு உள்ள மற்ற இடங்களில் எல்லாம் நாங்கள் ஓடு எடுத்திருக்கிறோம். அது வெள்ளையாக இருக்க வழியே இல்லை.

பதினாறு 'இ'யையும் 'பா' என்று மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். இருபது நிமிடம் எடுத்தது. காட்டின் நடுவில் ஏழெட்டுக் கட்டங்கள் சிவந்தன. அது மட்டுமில்லை, இளையாத்தங்குடிப் பக்கமும் இன்னும் இரண்டு மூன்று ஊர்களிலும், வெள்ளையாகக் கிடந்த வாய்க்கால் கரைகள் சிவந்தன. பதினாறு கட்டத்தில் நான் சொன்ன பொய்யை அது பாடமாகப் படித்துக்கொண்டு, வேறு ஊர்களிலும் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது.

யாருக்கும் தெரியாது. திருப்பி மாற்றிவிட்டு மூடியிருக்கலாம். மாற்றவும் செய்தேன். இரண்டு நாள் அப்படியே விட்டும் வைத்தேன். மூன்றாவது நாள் சாரின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஜீப்ல இருந்து என்ன தெரிஞ்சுது?"

"முள்ளுதான் சார்."

"முள்ளுன்னே எழுதியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், கொஞ்சம் லேசாகவும் ஆகியிருக்கும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. சாலைக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எங்கள் பதிவில் பிழை, அந்தப் பதினாறு கட்டங்களை நடந்து பார்க்கும்வரை வேலை தொடங்க வேண்டாம் என்று. பிழை யாருடையது என்று எழுதவா என்று கேட்டேன்.

"படத்துல கையெழுத்து என்னோடதுதானே? என் பேரைப் போடுங்க. உங்களுக்குத் தனியா விளக்கம் கேட்டு எழுதுவேன், அதுக்குப் பதில் குடுங்க. அது வேற."

வாசலுக்கு வந்தபின் கூப்பிட்டார். "அந்தக் கிணத்துக்காரருக்கு யார் சொல்றது?"

"நான் போறேன் சார்."

நான் போனபோது சேவுகன் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இருளாயி மோர் கொண்டுவந்தாள். கையில் வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

"அண்ணே, அந்த முள்ளுக்காட்டுல ஒண்ணுமில்லைன்னு எழுதுனது நான்தான். உள்ள போய்ப் பாக்காமலே எழுதிட்டேன்."

அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். சத்தம் நின்றதும் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"பாக்காமயா?"

"ஆமாண்ணே."

"இப்பப் போய்ப் பாத்தா இருக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"இருந்துட்டா ரோடு இங்குட்டுத் திரும்பிரும்."

 இருளாயிதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு தடவ பொய்ய எழுதத் தெரிஞ்சுச்சுல்ல தாயி. அத அப்படியே விட்டுட்டுப் போனா யாருக்கு நட்டம்? என்னைக்கோ செத்துப்போன சனத்துக்கா? நாங்க உசுரோட இருக்கோமே."

வேறு ஊர்களின் படமும் கெட்டிருக்கிறது என்பதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. ஆனால் அந்தக் கிணற்றுக்கு எதிரே நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு முகமில்லை. மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். யாரும் என்னைக் குடிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் காட்டுக்குள் இறங்கினோம். கட்டத்துக்கு ஐந்து தடம் வெட்டி, முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டு, நடுவில் நடக்கவேண்டும். அருளானந்தம் சாரும் எங்களோடு அரிவாள் பிடித்தார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டம் முடிந்தால் பெரிது. முதல் இரண்டு நாளும் ஒன்றுமில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், அதை இன்று மறைக்க என்ன இருக்கிறது. நான் எழுதியது குருட்டாம்போக்கிலாவது உண்மையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை சேவுகன் வந்து நின்றார். கையில் சொந்த அரிவாள்.

"நாங்க யாரும் கூப்பிடலையேண்ணே" என்றேன்.

"இல்லைன்னு சீக்கிரம் தெரிஞ்சாத்தானே என் கெணறு பொழைக்கும்? நீங்க வெட்டுற வெட்டுக்கு தைப்பொங்கல் வந்துரும்."

அவர் வந்தபின் வேலை ஓடியது. முள்ளை எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் என்னோடு மட்டும் பேசமாட்டார். மற்றவர்களோடு சகஜமாக இருந்தார். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் தூரத்திலிருந்தே என் கையைப் பார்ப்பார். நான் 'இ' எழுதினதும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போவார். ஏழு கட்டங்கள் அப்படிப் போயின.

ஆறாம் நாள், அந்தத் தூர்ந்த வரத்துக்காலின் கரை. மழைத் தண்ணீர் ஒரு சின்ன ஓடையாக அரித்து வைத்திருந்தது. நான் மேட்டின் மறுபக்கம் இருந்தேன். சார் இன்னும் தள்ளி. ஓடைக்குள் சேவுகன் மட்டும்தான். அங்கே அரிவாள் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து,

"தாயி, இங்குட்டு வாங்க."

அந்த நாலு நாளில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போனேன். ஓடையின் சுவரில் அரைவட்டமாக ஒரு சுட்ட மண் விளிம்பு. இரண்டு விரல் கனம். தன் துண்டாலேயே மண்ணைத் தட்டி அதைச் சுத்தமாக்கி வைத்திருந்தார்.

"சட்டி இல்ல தாயி. சட்டிக்கு இம்புட்டு அகலம் கெடையாது. கெணத்து ஒறை மாதிரி இருக்கு."

உறைதான், கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் சுட்ட மண் வளையம். அதன் கீழே இன்னொன்றின் விளிம்பும் தெரிந்தது. சுற்றிலும் கருப்பும் சிவப்புமான ஓடுகள். யாரும் பார்க்காத அந்த ஓடையில், ஒரு காலால் மண்ணைத் தள்ளியிருந்தால் எல்லாம் மூடிப் போயிருக்கும். அடுத்த மழைவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"ஏண்ணே கூப்பிட்டீக?" என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணுல பட்டுருச்சே. என்ன செய்யச் சொல்றீக?" என்றார், கோபமாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஊரைப் பார்த்து நடந்துவிட்டார்.

சார் வந்து பார்த்தார். உறையைத் தொடவில்லை. "குறி போடுங்க பஞ்சவர்ணம்" என்றார். எழுதும்போது என் கையெழுத்து கோணிப்போனது.

பதினாறில் ஐந்து கட்டங்கள் 'உ' ஆயின. சாலையை முழுவதும் ஊருக்குள் கொண்டுவர வேண்டாம், இரண்டுக்கும் நடுவே வளைத்துப் போடலாம் என்று சார் நடையாய் நடந்தார். அதற்குப் பாதி பலன் கிடைத்தது. வீடுகள் தப்பின. கொல்லைகளில் பெரும்பாலானவை தப்பின. வளைவு சேவுகனின் நிலத்தின் ஒரு மூலையைத்தான் எடுத்தது. அந்த மூலையில்தான் கிணறு இருந்தது.

எனக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. சார் விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதினேன், நடந்ததை மட்டும். அவர் ஓய்வு பெறும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பத்துக்கு ஒன்று நடந்து பார்க்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். அவர் என்னைத் தண்டித்தாரா நம்பினாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருக்கலாம்.

சேவுகனுக்கு நிலத்துக்கான ஈடு கிடைத்தது. மீதி நிலத்தில் இரண்டு இடத்தில் போர் போட்டார். ஒன்றில் தண்ணீர் வரவில்லை, இன்னொன்று உப்பு. ஊர்க்காரர்கள் இப்போது குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற ஒரு பட்டறைக்கு மணல் சலிக்கப் போகிறார் என்று கேள்வி.

கீர்த்தனா, 'பா' என்பது காலி இடமில்லை என்று உனக்கு ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். பார்க்காத இடத்தை இல்லாத இடமென்று எழுதினால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது, அது நம்பிவிடும். அதை நம்பி யாராவது ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு வீடு இருக்கும். நான் முதலிலேயே 'பா' என்று எழுதியிருந்தாலும் சேவுகனின் கிணறு போயிருக்கலாம். ஆனால் காப்பாற்றிவிட்டோம் என்று அவரை நம்பவைத்து, கடலை மூட்டையோடு படியேற வைத்து, அதற்குப் பிறகு பிடுங்கியிருக்க மாட்டேன். அதுதான் என் கணக்கில் நிற்கிற தப்பு.

இன்னும் ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காட்டில் ஒரு பருவம் முழுக்கத் தோண்டினோம். உறைகிணறு ஒன்பது உறை ஆழம் இருந்தது. பக்கத்தில் ஒரு வீட்டின் தரை, அடுப்பு, இரும்பு உருக்கிய குழி. எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, படம் பிடித்து முடித்தபின், கெடாமல் இருக்க மேலே விரிப்புப் போட்டு மறுபடி மண்ணால் மூடிவிடுவதுதான் வழக்கம். மூடுகிற நாளன்று சேவுகன் வந்தார். அவருடைய கிணற்றைச் சாலைக்காரர்கள் தூர்த்து முடித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.

ரொம்ப நேரம் அந்த உறைகளை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நல்லாத்தான் எறக்கியிருக்காக. இம்புட்டுப் பாடுபட்டு வெட்டுன கெணத்த எதுக்கு விட்டுட்டுப் போனாக?"

"தெரியலண்ணே. வாய்க்கால் திசை மாறியிருக்கலாம். பஞ்சம் வந்திருக்கலாம். நோய் வந்திருக்கலாம். அதச் சொல்றதுக்கு இங்க ஒண்ணும் கெடைக்கல."

அவர் தலையை ஆட்டினார். அது ஒத்துக்கொண்ட ஆட்டமில்லை.

"அவுகளையும் யாராச்சும் வந்து எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பாக."

 வேலையாட்கள் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, தொடங்கலாமா என்று என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலையசைக்க வரவில்லை. சேவுகன் பக்கத்தில் நின்றவரிடமிருந்து மம்பட்டியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் மண்ணை அவரே உள்ளே தள்ளினார்.